கல்லீரல் சிரையை ஒட்டிய கட்டிக்கு மைக்ரோவேவ் வெப்ப சிகிச்சை: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவ முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் நடந்தபடியே தரப்பட்டுள்ளன.

எந்த வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம்

புற்றுநோய்க்கு வெப்ப சிகிச்சை என்றால் ஒரே சிகிச்சை அல்ல. கட்டியை 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை ஒரு மணி நேரம் சூடாக்கி, அதோடு கதிர்வீச்சோ கீமோவோ தருவது ஒன்று. அங்கே வெப்பம் துணைதான். செல்களைப் பலவீனப்படுத்தி மற்ற மருத்துவத்துக்கு வழிவிடுகிறது. வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்தைச் சுழலவிடுவது இன்னொன்று. இந்த ஆய்வில் வருவது மூன்றாவது வகை: கட்டிக்குள் ஊசியை நேரடியாகச் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் 60 டிகிரிக்கு மேல் ஏற்றி, திசுவை அங்கேயே வேகவைத்து அழிக்கும் அபிலேஷன்.

இதில் வெப்பநிலையும் நேரமும்தான் மருந்தின் அளவு. 46 டிகிரியில் செல்கள் மீளமுடியாதபடி சாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். 50 முதல் 52 டிகிரியில் நான்கிலிருந்து ஆறு நிமிடம் போதும். 60 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் அநேகமாக உடனே உறைந்துவிடும். 105 டிகிரிக்கு மேல் போனால் திசு கொதித்துக் கரியாகிவிடும். அபிலேஷன் கருவிகளில் ஒன்றான, மின்னோட்டத்தால் சூடேற்றும் ரேடியோ அலைக் கருவியில் அந்தக் கரி மின்னோட்டத்தைத் தடுத்து, வெப்பம் மேற்கொண்டு பரவாமல் செய்துவிடும். ஆகவே ஊசி முனையில் எவ்வளவு சூடு என்பதைவிட, கட்டியின் கடைசி ஓரத்தில் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் நின்றது என்பதே கேள்வி. இந்த நோயாளியின் கதை முழுவதும் அந்த ஓரத்தைச் சுற்றியே நடக்கிறது.

பின்னணி

டெல்டா மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த விவசாயி. 60 வயதைக் கடந்தவர். மதுப்பழக்கம் எப்போதும் இருந்ததில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உண்டு; உடல் எடையும் கூடுதல். நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அதைத் தொடர்ந்து பார்த்ததில்தான் கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) தெரியவந்தது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. கல்லீரலில் சேர்ந்த கொழுப்பே காரணம் என்று முடிவானது. குடிக்காதவருக்கு இந்த நோய் வராது என்று ஊரில் இன்னமும் நம்புகிறார்கள். இவருடைய குடும்பமும் அப்படித்தான் நம்பியிருந்தது.

சுருக்கம் வந்த கல்லீரலில் புற்று வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் பெரும்பாலும் கூடும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லப்பட்டிருந்தது. முதல் இரண்டு முறை எடுத்தார். வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, சாப்பாடு இறங்குகிறது. அதனால் அடுத்த இருபது மாதம் போகவில்லை. பிறகு வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிந்தது.

கட்டி தெரிந்த பின்னும் மூன்று வாரம் வீணானது. வெப்பத்தால் புற்று கரையும் என்று யாரோ சொல்ல, அகச்சிவப்பு விளக்குகளால் உடம்பைச் சூடேற்றும் ஒரு நிலையத்துக்குக் குடும்பம் அவரை அழைத்துப் போயிருக்கிறது. முதல் சந்திப்பில் மகன் கேட்ட கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு உடம்பு முழுக்கச் சூடேத்துனா எல்லாக் கட்டியும் ஒரேயடியா போயிடாதா சார்? எதுக்கு ஊசி போடணும்?"

நியாயமான கேள்வி, விளக்கமாகவே பதில் சொல்லப்பட்டது. மேலிருந்து படும் அகச்சிவப்பு வெப்பம் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் தாண்டிக் கல்லீரலின் ஆழத்துக்குப் போவதில்லை. போகிற கொஞ்சத்தையும் வியர்வையும் ரத்த ஓட்டமும் வெளியேற்றிவிடும். கட்டியைக் கொல்லும் 60 டிகிரியை உடம்பு முழுக்க ஏற்றினால் மனிதரே உயிரோடு இருக்க மாட்டார். அந்தச் சூட்டைக் கட்டிக்குள் மட்டும் வைப்பதற்காகத்தான் ஊசி.

கண்டறிந்தவை

மூன்று கட்டமாகச் சாயம் செலுத்தி எடுத்த சி.டி.யில் இரண்டு கட்டிகள் இருந்தன. சாயம் தமனி வழியே வந்து சேரும் தமனிக் கட்டத்தில் இரண்டும் பளிச்சென்று தெரிந்து, சிரைக் கட்டத்தில் மங்கின. சுருக்க நோய் உள்ள கல்லீரலில் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் திசு எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஊசி போட்டுத் திசு எடுப்பதில் ரத்தக்கசிவு அபாயமும், ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் விதைபடும் சிறு அபாயமும் உண்டு. அதனால் திசுப் பரிசோதனை தவிர்க்கப்பட்டது.

பெரிய கட்டி 2.8 செ.மீ. கல்லீரலை எட்டுப் பிரிவுகளாகப் பார்ப்பார்கள்; அதில் 8ஆம் பிரிவில், உதரவிதானத்துக்கு அடியில் மேல் வளைவுக்கு அருகே இருந்தது. அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு செ.மீ. நீளத்துக்கு வலது கல்லீரல் சிரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சிரையின் விட்டம் 8 மி.மீ. சிறிய கட்டி 1.4 செ.மீ.; கீழே 6ஆம் பிரிவில். பெருங்குடலின் வளைவுக்கும் அதற்கும் இடையே 4 மி.மீ. மட்டுமே.

ஏ.எஃப்.பி. 64. பிலிருபின் 1.3, ஆல்புமின் 3.6, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.2. வயிற்றில் நீர் இல்லை, மனக்குழப்பம் இல்லை. கல்லீரலின் செயல்திறனை மதிப்பிடும் சைல்ட்-பியூ கணக்கில் 5 புள்ளி, அதாவது நல்ல நிலையான 'ஏ' வகுப்பு. தட்டணுக்கள் 78,000. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் நடுத்தர அளவில் ரத்த நாளப் புடைப்புகள். போர்ட்டல் அழுத்தம், அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையின் அழுத்தம், கூடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. சிறுநீரகம் சீராக இருந்தது. தன் வேலைகளைத் தானே செய்துகொண்டு நடமாடுகிறவர்.

எந்த வழி, ஏன்

குடல்-கல்லீரல் மருத்துவர், அறுவை மருத்துவர், ஸ்கேன் படத்தைப் பார்த்து ஊசி வழியே சிகிச்சை தரும் கதிரியக்க ஊடுருவல் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள்.

மாற்றுக் கல்லீரல் பொருத்துவதே கட்டியையும் சுருக்க நோயையும் ஒருசேர நீக்கும் வழி. 5 செ.மீ.க்குள் ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் மூன்று கட்டிகள் வரை என்பது 1996இல் வெளியான மிலான் வரையறை. இவர் அதற்குள் வருகிறார். ஆனால் கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகத் தர, மகனுக்கே கல்லீரலில் கணிசமான கொழுப்பு. மனைவிக்கு இதய நோய். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் கட்டி வளர்ந்து வரையறையைத் தாண்டிவிடலாம். கல்லீரலின் செயல்பாடு இன்னும் நன்றாக இருப்பதால் பட்டியலில் முன்னுரிமையும் கிடைக்காது. குடும்பமும் அந்தப் பேச்சையே அப்போது தள்ளிவைத்தது.

வெட்டி எடுப்பதற்குத் தடையாக இருந்தவை போர்ட்டல் அழுத்தமும் தட்டணு எண்ணிக்கையும். இரண்டு கட்டிகளும் வெவ்வேறு மூலையில் இருந்ததால் ஆரோக்கியமான திசுவையும் நிறையச் சேர்த்து வெட்ட வேண்டும். மிச்சமிருக்கும் சுருங்கிய கல்லீரல் அதைத் தாங்காது. தமனி வழியாக மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சை கட்டியைக் கட்டுக்குள் வைக்கும். இந்த அளவுக் கட்டியை முற்றாக அழிக்கும் என்று நம்ப முடியாது. துல்லியக் கதிர்வீச்சு கையிருப்பாக வைக்கப்பட்டது.

ஆக, அபிலேஷன். ரேடியோ அலையா, மைக்ரோவேவா என்பது அடுத்த கேள்வி. பெரிய கட்டியை ஒட்டி ஓடும் 8 மி.மீ. சிரைதான் இதைத் தீர்மானித்தது. 3 மி.மீ.க்கு மேற்பட்ட எந்த ரத்த நாளமும், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதைக் கொதிக்கவிடாமல் வைப்பதுபோல, பக்கத்துத் திசுவின் சூட்டை 37 டிகிரி ரத்தத்தால் இடைவிடாமல் அள்ளிக்கொண்டு போகும். நாளத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திசு சாகாமல் தப்புவது இப்படித்தான். ரேடியோ அலையில் ஊசியைச் சுற்றிச் சிறு வட்டம் மட்டுமே நேரடியாகச் சூடாகிறது. மற்ற இடத்துக்கு வெப்பம் மெல்லப் பரவித்தான் போகிறது. அந்த மெதுவான பரவலை ரத்த ஓட்டம் எளிதில் தோற்கடித்துவிடும். மைக்ரோவேவ் அதிகப் பரப்பை நேரடியாக, வேகமாகச் சூடாக்கும். கரி அதைத் தடுக்காது. சிரையின் குளிர்ச்சியை அது முற்றிலும் வெல்லும் என்றில்லை, ஓரளவு சமாளிக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டது.

முன் தயாரிப்பு

புடைப்புகளுக்காக, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை சிறு அளவில் தொடங்கி, நாடித்துடிப்பைப் பார்த்துப் பார்த்து உயர்த்தப்பட்டது. தட்டணு 50,000க்கு மேல் இருந்ததால் தட்டணு ஏற்றவில்லை. பித்தக்குழாயில் முன்பு அறுவையோ குழாய் பொருத்தமோ நடந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டு உறுதிசெய்தார்கள். அப்படி இருந்தால் குடல் கிருமிகள் பித்தக்குழாய் வழியாக ஏறி, சுட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டாக்கும் அபாயம் பல மடங்கு. இவருக்கு இல்லை. வயிற்றில் பழைய அறுவையும் இல்லை. குடல் கல்லீரலோடு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு என்பதால் அதை நகர்த்த முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

2.8 செ.மீ. கட்டியைச் சுடுவதற்கு 2.8 செ.மீ. வட்டம் போதாது. கண்ணுக்குத் தெரியாத துணைக் கட்டிகள் சுற்றிலும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருக்கக்கூடும். எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ. பாதுகாப்பு விளிம்பு வேண்டும். அப்படியானால் வட்டம் குறைந்தபட்சம் 3.8 செ.மீ.; 4 செ.மீ. என்று குறிவைப்பது நல்லது. கருவியோடு வரும் அட்டவணையில் இந்த அளவுக்கு எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்று இருக்கும். ஆனால் அந்த அட்டவணைகள் பெரும்பாலும் ரத்தம் ஓடாத மாட்டுக் கல்லீரலில் சோதித்துப் போட்டவை. உயிருள்ள கல்லீரலில் வட்டம் சிறுத்துத்தான் வரும். ஊசியின் நீளவாக்கில் நீண்டும், குறுக்கில் குறுகியும் வரும். திட்டம் போடும்போது குறுக்களவை வைத்தே கணக்கிட வேண்டும்.

சிகிச்சை நாள்

முழு மயக்கத்தில், சி.டி. அறையில், அல்ட்ராசவுண்டும் கையில் வைத்துக்கொண்டு சிகிச்சை நடந்தது. ஊசி செலுத்தும் ஒவ்வொரு முறையும் வென்டிலேட்டரை மூச்சு வெளியேறிய நிலையில் சில நொடிகள் நிறுத்தினார்கள். மூச்சோடு கல்லீரல் ஓரிரு செ.மீ. மேலும் கீழும் போய்வரும். அதை நிறுத்தாமல் மில்லிமீட்டர் கணக்குப் போட முடியாது.

முதலில் சிறிய கட்டி. மெல்லிய ஊசி வழியே கல்லீரலுக்கும் பெருங்குடலுக்கும் இடையில் 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 350 மி.லி. செலுத்தப்பட்டது, இடைவெளி 4 மி.மீ.யிலிருந்து 15 மி.மீ. ஆனது. ரேடியோ அலை என்றால் உப்புநீர் கூடவே கூடாது. அது மின்சாரத்தைக் கடத்திக் குடலைச் சுட்டுவிடும். மைக்ரோவேவுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், கைப்பழக்கம் ஒன்றாக இருக்கட்டும் என்று எல்லா அபிலேஷனுக்கும் டெக்ஸ்ட்ரோஸே வைத்துக்கொள்வது நல்லது. பெருங்குடல் மெல்லிய சுவர் கொண்டது. சூடு பட்டால் அன்றைக்கே தெரியாமல் சில நாள் கழித்து ஓட்டை விழக்கூடும். 60 வாட்டில் ஐந்து நிமிடம் சுடப்பட்டது. வட்டம் 2.6 செ.மீ.; நாற்புறமும் விளிம்பு போதுமானது.

அடுத்துப் பெரிய கட்டி. உதரவிதானத்தைப் பிரிக்க மேலே இன்னும் 450 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் போனது. கட்டியின் நடுவில் ஆன்டெனா ஊசியை நிறுத்தி 100 வாட்டில் எட்டு நிமிடம். சூடு ஏறத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலிருந்தே நீராவிக் குமிழிகள் கிளம்பி அல்ட்ராசவுண்ட் படத்தை வெள்ளையாக மறைத்துவிட்டன. இது எப்போதும் நடப்பது. சி.டி.யில் பார்த்தபோது குறுக்களவு 3.4 செ.மீ. மட்டுமே. ஊசியைச் சிரைப் பக்கமாக ஒரு செ.மீ. தள்ளிப் போட்டு 100 வாட்டில் ஐந்து நிமிடம் மீண்டும் சுடப்பட்டது. குமிழி மறைப்பால் இரண்டாம் ஊசியை சி.டி.யை மட்டும் நம்பி நிறுத்த வேண்டியிருந்தது. அதில் நேரம் போனது. ஊசியை வெளியே இழுக்கும்போது பாதையையும் சுட்டுக்கொண்டே வந்தார்கள். ரத்தக்கசிவும், பாதையில் செல் விதைபடுவதும் அதனால் குறையும்.

இந்த வாட், நிமிடக் கணக்கெல்லாம் அன்று பயன்பட்ட கருவிக்கும் ஊசிக்கும் மட்டுமே பொருந்தும். வேறு கருவிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேசையிலேயே சாயம் செலுத்தி சி.டி. எடுக்கப்பட்டது. கட்டி இருந்த இடம் கறுப்பாக, ரத்த ஓட்டமின்றித் தெரிந்தது. மூன்று பக்கம் விளிம்பு 6 மி.மீ.க்கு மேல். சிரைப் பக்கம் மட்டும் 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அந்தப் பக்கம் உயிருள்ள கட்டி மிச்சமா என்பதை அப்போதே தீர்மானிக்க முடியவில்லை. காரணங்கள் இரண்டு. சுட்ட வட்டத்தைச் சுற்றி ரத்தம் குவிந்து மெல்லிய பளிச்சென்ற வளையம் ஒன்று தோன்றும். மிச்சக் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். மேலும், வெந்த திசு சுருங்குவதால் பழைய படத்தோடு புதிய படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் விளிம்புக் கணக்கு தவறாக வரும்.

மூன்றாவது முறை சுடலாமா என்பதே அந்த நேரத்தின் முடிவு. மயக்கம் கொடுத்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரத்த அழுத்தம் இரண்டு முறை இறங்கி மருந்தால் ஏற்றப்பட்டிருந்தது. 800 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 40 கிராம் குளுக்கோஸ். வயிற்றுச் சவ்வு அதை மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரத்தச் சர்க்கரை 268ஆக ஏறி இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு, நான்காம் வாரம் படம் எடுத்துப் பார்த்து, மிச்சமிருந்தால் மறுபடி சுடலாம் என்று முடிவானது. மிச்சத்தை இன்னொரு நாள் சுடலாம். சுருங்கிய கல்லீரல் அதிர்ச்சியில் செயலிழந்தால் அதை மீட்க முடியாது.

அடுத்த பத்து நாள்

வலது தோள்பட்டையில் வலி வந்தது. உதரவிதானம் எரிச்சலடைந்தால் வலி அங்கேதான் தெரியும். கல்லீரல் நொதிகள் பத்து மடங்குக்கு மேல் எகிறி ஐந்து நாளில் இறங்கின. சுட்ட திசுவின் கணக்கு அது, கல்லீரல் செயலிழப்பு அல்ல. பிலிருபினும் ஐ.என்.ஆரும் அசையவில்லை என்பதே ஆறுதல். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

கையில் கொடுத்த தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தவை: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபினாக் ஊசியோ மாத்திரையோ யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சுருக்க நோயில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் வரவழைக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வயிறு இறுகிப்போதல், கறுப்பாக மலம், மூச்சுத்திணறல் என்றால் உடனே வர வேண்டும்.

டைக்ளோஃபினாக் வரி பயன்பட்டது. ஆறாம் நாள் 38.6 டிகிரி காய்ச்சல். ஊர் கிளினிக்கில் வலி ஊசி போட எடுத்தபோது மகள் தாளைக் காட்டித் தடுத்திருக்கிறார். மருத்துவமனைக்கு வந்தபோது வெள்ளணுக்கள் 11,200. ஸ்கேனில் சுட்ட இடத்துக்குள் வாயுக் குமிழிகள் தெரிந்தன. முதல் சில நாட்களில் அங்கே குமிழி இருப்பது இயல்பு. அதை மட்டும் பார்த்துச் சீழ் என்று முடிவுகட்டிக் குழாய் செருகிவிடக் கூடாது. ஆனால் சர்க்கரை நோயாளி என்பதால் அலட்சியமாகவும் விடமுடியாது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்துப் பார்த்தார்கள். கல்ச்சரில் கிருமி வளரவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல் தானே இறங்கியது. செத்த திசுவுக்கு உடல் காட்டும் எதிர்வினை இது. ஒரு வாரம் வரை நீளும். காய்ச்சல் பத்து நாளைத் தாண்டினாலோ, இறங்கிவிட்டு மறுபடி ஏறினாலோ சீழ் என்று எண்ணித்தான் தேட வேண்டும்.

நான்காம் வாரம்: மிச்சம்

சி.டி.யில் 6ஆம் பிரிவுக் கட்டி முழுதும் அழிந்திருந்தது. 8ஆம் பிரிவில், சிரையை ஒட்டிய பக்கத்தில் மட்டும் 9 மி.மீ. அளவில் பிறை வடிவத்தில் ஒரு பகுதி தமனிக் கட்டத்தில் பளிச்சிட்டு, பின்னர் மங்கியது. ரத்தக்குவிப்பு வளையம் என்றால் சுற்றிலும் சீராக, மெல்லியதாக இருக்கும். இது ஒரே பக்கம், தடித்து, முடிச்சாக இருந்தது. ஏ.எஃப்.பி. 64இலிருந்து 38க்குத்தான் இறங்கியிருந்தது. மிச்சக் கட்டி என்பதில் ஐயமில்லை.

மூன்று வழிகள் பேசப்பட்டன. துல்லியக் கதிர்வீச்சுக்கு ரத்த ஓட்டம் தடையே இல்லை. இந்த இடத்துக்கு அது நல்ல கருவிதான். ஆனால் கல்லீரல் கதிரைத் தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு, பின்னாளில் புதுக் கட்டி வந்தால் தேவைப்படும். சிரைக்குள் பலூனை ஊதி ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்துச் சுடுவது இரண்டாவது. சூட்டோடு சிரையே அடைபட்டுப்போகும் அபாயம் அதில் கூடும். மிச்சம் 9 மி.மீ. மட்டுமே என்பதால் மூன்றாவது வழியான மறு அபிலேஷனே தேர்வானது, ஊசியின் கோணத்தை மாற்றி.

முதல் முறை ஊசி சிரையை நோக்கிக் குறுக்காகப் போயிருந்தது. மைக்ரோவேவ் வட்டம் ஊசியின் நீளவாக்கில் நீண்டது என்பதால், சிரையைத் தொடும் ஒரு செ.மீ. முழுவதையும் அது மூடவில்லை. இரண்டாம் முறை விலா எலும்புகளுக்கு இடையே மேலிருந்து சாய்வாக நுழைந்து, சிரைக்கு இணையாக, அதன் சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஊசி நிறுத்தப்பட்டது. 80 வாட்டில் ஐந்து நிமிடம். நுரையீரலின் கீழ் ஓரத்துக்கு அருகே போக வேண்டியிருந்ததால் சிறிதளவு காற்று மார்புக்கூட்டில் புகுந்தது. குழாய் தேவைப்படவில்லை, மறுநாள் எக்ஸ்ரேயில் கரைந்திருந்தது. இம்முறை முந்தைய சி.டி.யை மென்பொருளால் புதிய படத்தின்மேல் பொருத்தி விளிம்பை அளந்தார்கள். சிரைச் சுவர் வரை கறுப்பு. சிரையில் ரத்தம் தடையின்றி ஓடியது. மயக்கம் மொத்தம் 70 நிமிடம்.

பின்தொடர்தல்

ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் எடுத்த படங்களில் மிச்சம் இல்லை. ஏ.எஃப்.பி. மூன்றாம் மாதம் 7. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தொடர்ந்தது. திரும்ப வராமலிருக்க மாத்திரை உண்டா என்று குடும்பம் கேட்டது. வெட்டியெடுத்தோ சுட்டோ கட்டியை நீக்கியபின் சோராஃபெனிப் கொடுத்துப் பார்த்த, 1,114 பேரைக் கொண்ட ஸ்டார்ம் ஆய்வின் முடிவு 2015இல் வந்தது, பலன் இல்லை. அதனால் மருந்து எதுவும் தரப்படவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் எடையைக் குறைப்பதும் வற்புறுத்தப்பட்டன. ஆறு கிலோ குறைந்தார்.

பதினான்காம் மாதம் 3ஆம் பிரிவில் 1.3 செ.மீ. புதுக் கட்டி. சுட்ட இரண்டு இடங்களுக்கும் வெகு தூரத்தில், கல்லீரலின் மறு கோடியில். பழைய சிகிச்சையின் தோல்வி அல்ல இது. சுருக்க நோய் உள்ள கல்லீரல் முழுவதுமே புற்றுக்கான நிலம். கட்டியை அழித்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் 70 விழுக்காடு வரை கல்லீரலில் மீண்டும் வருகிறது. பெரிய நாளம் எதுவும் அருகில் இல்லை. ஒரே முறை சுட்டதில் முற்றாக அழிந்தது.

இந்தப் புதுக் கட்டிக்குப் பிறகு மாற்றுக் கல்லீரல் பேச்சைக் குடும்பமே எடுத்தது. இருபத்தைந்தாம் மாதமான இப்போது கட்டி இல்லை, வயிற்றில் நீர் இல்லை, சைல்ட்-பியூ 'ஏ' அப்படியே நிற்கிறது. ட்ரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் பெயர் பதிவாகியிருக்கிறது. ரத்த வகை பொருந்தும் மகள் தானம் செய்ய முன்வந்து, அவருக்கான பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன.

இனி மாற்றிச் செய்பவை

வரிசைதான் முதலில். அன்று எளிய கட்டியை முதலில் முடித்தது, கீழே செலுத்திய திரவம் மேலேயும் உதவும் என்ற எண்ணத்தில். திரவம் அவ்வளவாக மேலேறவில்லை. கடினமான கட்டிக்குப் போகும்போது நேரமும், ரத்த அழுத்தமும், சர்க்கரையும் எதிராக இருந்தன. இரண்டு கட்டிகள் இருந்தால் நாளத்தை ஒட்டியதை முதலில் சுட வேண்டும். எளியதை அவசியமானால் இன்னொரு நாளைக்குத் தள்ளலாம்.

அந்தக் கட்டியிலும் சிரைப் பக்கத்தை முதலில் சுட வேண்டும். ஊசி சிரைக்கு இணையாகப் போக வேண்டும். இரண்டு ஊசிகள் தேவைப்படும் என்று தெரிந்தால், குமிழி கிளம்பும் முன்பே இரண்டையும் நிறுத்திவிட்டு அப்புறம்தான் கருவியை இயக்க வேண்டும்.

விளிம்பைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் நிறுத்தப்பட்டு, முன்-பின் படங்களை மென்பொருளில் பொருத்தி அளப்பது எல்லா நோயாளிக்கும் வழக்கமாகியிருக்கிறது. எந்தப் பக்கமாவது 5 மி.மீ. குறைந்தால் அங்கேயே மறுபடி சுடுவது, நோயாளியின் உடல்நிலை இடம் தராவிட்டால் மட்டும் நிறுத்துவது என்பது மயக்கம் கொடுக்கும் முன்பே எழுதிவைக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளிக்கு 500 மி.லி.க்கு மேல் டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தும்போது அரை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து, இன்சுலினைத் தயாராக வைத்துக்கொள்வதும் அதே தாளில் இருக்கிறது.

மாற்றுக் கல்லீரலைப் பற்றிய பேச்சு முதல் சந்திப்பிலேயே தொடங்க வேண்டும். சுடுவது அதற்கு மாற்று அல்ல, காத்திருக்கும் காலத்தைக் காப்பாற்றித் தருவது என்று சொல்லியே தொடங்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் மகளிடம் அன்று யாரும் கேட்கவே இல்லை.

தவறிப்போன இருபது மாதத்துக்கு இப்போது ஒரு செவிலியர் பொறுப்பு. சுருக்க நோய் உள்ள ஒவ்வொருவரின் அடுத்த ஸ்கேன் தேதியும் பதிவேட்டில் இருக்கும். தேதி தாண்டி இரண்டு வாரமானால் நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் அவர் தொலைபேசியில் பேசுகிறார். இவருடைய பெரிய கட்டி 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே பிடிபட்டிருந்தால், சிரையைத் தொடும் முன்பே ஒரே ஊசியில் முடிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.